ஆயிரம் இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம்: பலிக்குமா?

நீடாமங்கலம் நெல்மூட்டை:
பையன் பி.இ. முடிச்சிட்டு, வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு எழுதப் போறான். இன்னும் மூணு மாசம்தான். ஆயிரம் கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் அர்த்தத்தோட பிரின்ட் எடுத்து அலமாரிக் கதவு பூரா ஒட்டியிருக்கான். பல் விளக்கும்போதும் அதே முணுமுணுப்புதான். இதுக்குப் பலன் உண்டா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

டிகிரி காபி:
உண்டு சார். நானும் அப்படித்தான் எழுதினேன். "கதைப்புத்தகம் படி, தானா வரும்"னு ஒரு கோஷ்டி வரும், நம்பாதீங்க. 'லகானிக்' (சுருக்கமாப் பேசுற) மாதிரி ஒரு வார்த்தை மூணு மாச வாசிப்பில் ரெண்டு தடவை கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம். அதை அட்டையில் எழுதி, இன்னிக்கு, நாளைக்கு, நாலாம் நாள், பத்தாம் நாள்னு இடைவெளி விட்டுப் புரட்டணும். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு பெட்டி. சரியா சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பு விட்டது முதல் பெட்டிக்கே திரும்பும். படிச்சது எவ்வளவு சீக்கிரம் மறக்குதுன்னு எபிங்ஹாஸ்ங்கிற ஜெர்மன்காரர் தன்னையே சோதிச்சுப் பார்த்து 1885-லயே எழுதிட்டார்.

வலங்கைமான் வாத்தியார்:
கோஷ்டி வந்தாச்சு. எங்க ஊர் சீனிவாச சாஸ்திரியார் பேசின இங்கிலீஷுக்கு வெள்ளைக்காரனே வாயைப் பிளந்தான். அவர் என்ன அட்டை வச்சா படிச்சார்? ஜி.ஆர்.இ.யிலயே எதிர்ச்சொல் கேள்வியை 2011-ல தூக்கிட்டாங்க. இப்ப வார்த்தைக் கேள்வின்னா வாக்கியத்துக்குள்ள காலியிடம்தான். ஒரு வகையில ஆறு வார்த்தை கொடுத்து, வாக்கியம் ஒரே பொருள் தர்ற மாதிரி ரெண்டை எடுக்கச் சொல்வாங்க. ஒண்ணு சரி, ஒண்ணு தப்புன்னா மார்க்கே கிடையாது. வெறும் தமிழ் அர்த்தம் அங்க என்னத்துக்கு ஆகும்? நாத்தங்கால் பச்சைப்பசேல்னு இருக்கு, சரி. பறிச்சு நட்டாத்தானே நெல்லு?

டிகிரி காபி:
சாஸ்திரியார் 1869-ல பிறந்தவர். அவருக்கு ஜி.ஆர்.இ. இல்ல வாத்தியாரே. நாத்தே இல்லாம எதைப் பறிச்சு நடுவீங்க?

வலங்கைமான் வாத்தியார்:
நேரடி விதைப்புன்னு ஒண்ணு இருக்கு தம்பி.

டிகிரி காபி:
அதுல களை எவ்வளவு மண்டும்னும் சொல்லிடுங்க.

தேர்வடம்:
ரெண்டு பேரும் கொஞ்சம் வரப்புல ஏறுங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசு, மேனேஜருக்கு நன்றி சொல்லி மெயில் போட்டேன். நான் உருப்போட்ட பட்டியல்ல 'எக்ரீஜியஸ்: தனித்துத் தெரிகிற'ன்னு இருந்துச்சு. 'யுவர் எக்ரீஜியஸ் சப்போர்ட்'னு எழுதிட்டேன். அந்த வார்த்தைக்கு இப்ப அர்த்தம் 'படுமோசமான'. அவர் என் சீட்டுக்கே வந்து, "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?"னு கேட்டார்.

டிகிரி காபி:
மேடம், அது பட்டியல் போட்டவன் தப்பு. வேரைச் சேர்த்துப் படிச்சிருக்கணும். லத்தீன்ல 'கிரெக்ஸ்'னா மந்தை. மந்தையை விட்டு வெளியே நிக்கிறது எக்ரீஜியஸ். ஒரு காலத்துல பாராட்டாத்தான் இருந்தது, பிறகு திட்டாப் போச்சு. காங்ரிகேஷன், செக்ரிகேட், அக்ரிகேட், கிரிகேரியஸ் எல்லாம் அதே மந்தைதான். ஒரு வேர் பிடிச்சா அஞ்சு வார்த்தை.

தேர்வடம்:
அந்த வேர்தான் சார் என்னைக் கவுத்ததே! ஆண்டாள் காலத்துல நாற்றம்னா மணம். அதை நம்பி இன்னிக்கு மாமியார் வச்ச சாம்பாரை "நல்ல நாற்றம்"னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயிடுவீங்களா? அண்ணே, தம்பி அட்டை போடட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு வார்த்தைக்கும் அது பாராட்டா திட்டா, கூட எந்த வார்த்தை வரும்னு எழுதச் சொல்லுங்க. எக்ரீஜியஸ் பக்கத்துல எரர் வரும், சப்போர்ட் வராது.

வலங்கைமான் வாத்தியார்:
அந்தச் சேர்மானம் படிச்சாத்தானே தெரியும்? தினம் ஒரு இங்கிலீஷ் தலையங்கம், மூணு புது வார்த்தை. போதும்.

டிகிரி காபி:
தொண்ணூறு நாளைக்கு 270. மிச்சம் 730-ஐ யார் படிப்பா?

வலங்கைமான் வாத்தியார்:
அந்த 730-ல எத்தனை உங்களுக்கு இன்னிக்கு ஞாபகம் இருக்கு, மனசைத் தொட்டுச் சொல்லுங்க.

நீடாமங்கலம் நெல்மூட்டை:
பையன்கிட்ட காட்டினேன். அலமாரியில ஒட்டினதைக் கிழிக்கல. காலையில பார்த்தா எக்ரீஜியஸ் பக்கத்துல இருந்த தமிழ் அர்த்தத்தை அடிச்சிட்டு, சிவப்பு மையில 'நாற்றம்'னு எழுதியிருக்கான். இன்னிலேர்ந்து இங்கிலீஷ் பேப்பரும் போடச் சொல்லியிருக்கேன்.