புதுப்பிப்பு: மிசௌரி தேசிய வனத்தில் வேட்டையில் வான்கோழி கிடைத்தது

மார்க் ட்வைன் தேசிய வனத்தில் விடியலில் மரத்தில் கொக்கரிக்கும் சேவல்கள், கீழே இறங்கியதும் பெட்டைகள் பின்னாலேயே போய்விடுகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, “பத்து மணிக்கு மேல் போங்க” என்ற யோசனைதான். அதற்குள் பெட்டைகள் முட்டையிட ஒதுங்கிவிடும். சேவல் துணை தேடித் தனியாகத் திரியும். மற்ற வேட்டைக்காரர்களும் காட்டை விட்டுப் போயிருந்தார்கள். மேட்டில் ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்து, பெட்டையின் குரலில் மெல்லக் கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

எதிர்பாராதது: பதில் குரலே வரவில்லை. வெகுநேரம் கழித்து, சத்தமில்லாமல் ஒரு சேவல் இடப்பக்கம் வந்து நின்றது. பதில் இல்லையே என்று எழுந்துவிடாதீர்கள்.

சேவலை ஈர்க்க வைக்கும் பொம்மைக் கோழி மட்டும் வைக்கவில்லை. அதை நிஜமென்று நினைத்து யாராவது என் பக்கம் சுட்டால்?

அப்புறம், இங்கே வசந்த காலத்தில் சேவலையோ, மார்பில் தாடி (முடி போலத் தொங்கும் இறகுக் கொத்து) தெரியும் பறவையையோதான் சுடலாம். பொது நிலத்தில் மதியம் 1 மணியோடு வேட்டை நேரம் முடிகிறது. சுட்ட அன்றிரவு 10 மணிக்குள், வேட்டையைப் பதியும் டெலிசெக் அமைப்பில் பதிய வேண்டும். காட்டுக்குள் எனக்கு சிக்னல் இல்லை. நெடுஞ்சாலைக்கு வந்துதான் பதிந்தேன்.