மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது: நம்ம மதுரைத் தண்ணீரில் உங்கள் அனுபவம் என்ன?

வில்லாபுரத்திலிருந்து

"ஒரு ராத்திரி பிடித்து வையுங்கள், குளோரின் தானாகப் போய்விடும்." மீன் கடையில் இப்படிச் சொல்லித்தான் அனுப்புவார்கள். சரியான பேச்சுதான். ஆனால் எதில் பிடித்து வைப்பது என்று யாரும் சொல்வதில்லை.

போன மழைக்காலத்தில் எதிர்வீட்டுத் தம்பி ஓடிவந்தான். "அண்ணே, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குதுண்ணே!" போய்ப் பார்த்தால் கோல்டு ஃபிஷ் நான்கும் நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. செவுள் படபடவென்று அடிக்கிறது. ஒன்று மட்டும் ஃபில்டர் ஓரமாகச் சாய்ந்துவிட்டது. பாதித் தொட்டித் தண்ணீரை அப்போதுதான் மாற்றியிருக்கிறான்.

"என்ன தண்ணிடா ஊத்துன?"

"மாடித் தொட்டித் தண்ணிதாண்ணே. நேத்தே ஏத்துனது."

விசாரித்தால், முந்தின நாள்தான் சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். மாடித் தொட்டிக்கு மூடி இறுக்கம். ராத்திரி முழுக்க உள்ளே கிடந்தாலும் குளோரின் வெளியேற வழி ஏது? வாய் அகன்ற வாளியில், மூடாமல், காற்றுப்படும் இடத்தில் 24 மணி நேரம் இருக்க வேண்டும். ஏர் பம்ப்பைப் போட்டுவிட்டால் இன்னும் சீக்கிரம் போகும்.

வீட்டில் இருந்த, குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலைக் கொண்டுவந்து தொட்டியிலேயே ஊற்றினேன். ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைத்தோம். அரைமணி நேரத்தில் மூன்று மீன்கள் கீழே இறங்கிவிட்டன. சாய்ந்து கிடந்தது விடிவதற்குள் போய்விட்டது. அந்தப் பையன் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

தொல்லை அதோடு முடியவில்லை. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் குளோரின் கொன்றுவிடும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றுவது அவைதான். அவை போனதும் தண்ணீர் கலங்கியது. தீனியைக் குறைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றித்தான் சரிக்கட்டினோம்.

குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான இந்தியத் தர விதி. நமக்கு அது பாதுகாப்பு. நாள் முழுக்க அதே தண்ணீரைச் செவுளால் இழுத்து விடுகிற மீனுக்கு அந்த அளவே எரிச்சல். ஆறு கலங்கி வரும் நாட்களில் குளோரினைக் கூட்டுவார்கள். வாடையை நம்பிப் பயனில்லை, குறைந்த அளவு மூக்குக்குத் தெரியாது. வாளியில் விழுவது மாநகராட்சித் தண்ணீரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வதே என் பழக்கம்.

மேலூரிலிருந்து

எங்கள் வீட்டில் போர் தண்ணீர் மட்டும்தான். குளோரின் பயம் கிடையாது, ஆனாலும் நேரே மோட்டாரைப் போட்டுத் தொட்டியில் விட மாட்டேன். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். பிடித்ததும் ஒரு பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு), காற்று ஏறியதும் வேறு பிஎச். சோதனைக் குப்பியில் நிறம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் சில மணி நேரம் வாளியில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடும்.

இங்கே பாத்திரத்தில் வெள்ளை படியும் அளவுக்கு உப்புத் தண்ணீர். கப்பி, மோலி இரண்டும் அதில் ஜோராகக் குட்டி போடுகின்றன. நியான் டெட்ரா நிலைக்கவே இல்லை. மகள் ஆசைப்பட்டதால் இப்போது ஆர்ஓ தண்ணீரைப் பாதி கலந்து ஒரு சின்னத் தொட்டியை ஓட்டுகிறேன். ஆர்ஓ மட்டும் ஊற்றாதீர்கள் அக்கா, அண்ணன்மார்களே. தாது உப்பு இல்லாத தண்ணீரில் பிஎச் நிலையாக நிற்காது, மீனும் தாங்காது.

செல்லூரிலிருந்து

அக்னி நட்சத்திரத்தில் குளோரினைவிடச் சூடுதான் எனக்குப் பெரும்பாடு. மதியம் மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். விடியற்காலையில் பிடித்து, வீட்டுக்குள் நிழலில் வைத்து, தொட்டியின் சூடும் வாளியின் சூடும் ஒன்றான பிறகே ஊற்றுகிறேன். மாற்றுவதும் கால் பங்குக்கு மேல் போகாது.

வில்லாபுரம் அண்ணே, அந்தத் தயோசல்ஃபேட் அளவு என்ன?

வில்லாபுரத்திலிருந்து

தம்பி, படிகமாகக் கிடைக்கும். 10 கிராமைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மில்லியாக வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் வாளிக்கு அதில் 2 மில்லி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தாலும் அடங்கிவிடும். சம்ப் கழுவிய வாரத்தில் இதை நம்பி இறங்காதீர்கள், அப்போது குளோரின் எவ்வளவு என்றே சொல்ல முடியாது. குளோரின் இருக்கிறதா என்று காட்டும் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டுப் பாருங்கள், மஞ்சள் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் மாற்ற வேண்டாம்.