எந்த எலக்ட்ரான்களை உறைய வைப்பது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பொட்டாசியம் ஃபுளோரைடின் பிணைப்பு ஆற்றலை சிசிஎஸ்டி(டி) என்ற துல்லியமான குவாண்டம் வேதியியல் முறையில் கணக்கிட்ட மாணவி ஒருவர், விடை சோதனை மதிப்பிலிருந்து ஏன் இவ்வளவு விலகி நிற்கிறது என்று கேட்டு வெளியீட்டுக் கோப்புடன் வந்தார். பேசிஸ் செட் (ஆர்பிட்டால்களைக் கட்டப் பயன்படும் சார்புகளின் தொகுப்பு) பெரியது, சுழல்கள் ஒழுங்காக ஒருங்கியிருந்தன, எச்சரிக்கை எதுவும் அச்சாகவில்லை. ஆர்பிட்டால் ஆற்றல் பட்டியலைத் திறந்த பிறகுதான் காரணம் புலப்பட்டது.

அவர் பயன்படுத்திய நிரல், பொட்டாசியத்தின் 3பி வரையிலான 9 ஆர்பிட்டால்களையும் ஃபுளோரினின் 1எஸ் ஆர்பிட்டாலையும் உட்கூடு (பிணைப்பில் பங்கெடுக்காததாகக் கருதப்படும் உள் எலக்ட்ரான்கள்) என்று எண்ணி, ஆற்றல் வரிசையில் அடியிலுள்ள 10 ஆர்பிட்டால்களை ஒட்டுறவுக் கணக்கிலிருந்து, அதாவது எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதைக் கணக்கிடும் பகுதியிலிருந்து, விலக்கி உறைய வைத்திருந்தது. எண்ணிக்கையில் பிழை இல்லை, வரிசையில்தான் சிக்கல். தனி அணுக்களின் ஹார்ட்ரீ-ஃபாக் (ஒட்டுறவைச் சேர்க்காத அடிப்படைக் கணக்கு) ஆர்பிட்டால் ஆற்றல்களைப் பார்த்தாலே இது தெரியும்: ஃபுளோரினின் 2எஸ் ஏறத்தாழ -1.57 ஹார்ட்ரீயில் (அணு அளவிலான ஆற்றல் அலகு) இருக்க, பொட்டாசியத்தின் 3பி -0.95-இல், அதாவது அதற்கு வெகு மேலே இருக்கிறது. ஆகவே ஃபுளோரினின் 2எஸ் அந்தப் பத்துக்குள் புகுந்துகொண்டது. மூன்று 3பி ஆர்பிட்டால்களில் ஒன்று வெளியே தள்ளப்பட்டது. தனி அணுக்களுக்குச் சரியாகவும் மூலக்கூறுக்குத் தவறாகவும் உறைய வைத்துவிட்டு இரண்டின் வேறுபாட்டைப் பிணைப்பு ஆற்றல் என்று சொன்னால், அது எதன் ஆற்றல் என்று யாராலும் கூற முடியாது. 3எஸ், 3பி எலக்ட்ரான்களை இணைதிறன் எலக்ட்ரான்களோடு சேர்த்து, அவற்றுக்கேற்ற சார்புகள் உள்ள பேசிஸ் செட்டுடன் மீண்டும் ஓட்டியதும் விடை நேரானது. பொட்டாசியம், கால்சியம் சேர்மங்களில் இதுவே முறை என்பது என் கருத்து. அங்கே சிக்கனம் பார்ப்பதில் பொருளில்லை.

மறுமொழி

மேலே நண்பர் போகிற போக்கில் சொன்ன "ஏற்ற சார்புகள்" என்பதைப் பற்றிச் சற்று எழுத விரும்புகிறேன். எங்கள் குழுவில் அசிட்டிலீனுக்கு ஒருவர் ஃப்ரோசன் கோர் (உட்கூட்டை உறைய வைக்கும்) தேர்வை நீக்கிவிட்டு, பேசிஸ் செட்டை மட்டும் சிசி-பிவிடிஇசட் என்றே விட்டிருந்தார். 1989-இல் டன்னிங் உருவாக்கிய அந்த வரிசை இணைதிறன் ஒட்டுறவுக்காகவே அமைந்தது. 1எஸ் எலக்ட்ரான்கள் உலவும் அணுக்கருவின் அருகே இறுக்கமான உயர்கோணச் சார்புகள் அதில் இல்லை. அதனால் ஒரு கார்பனின் உட்கூடு பக்கத்து அணுவின் சார்புகளைக் கடன் வாங்கிக்கொள்ள, பிணைப்பு பொய்யாகக் குறுகுகிறது. உண்மையான உட்கூட்டு ஒட்டுறவும் பிணைப்பைக் குறுக்கவே செய்யும் என்பதால், திசை சரியாக இருப்பதைக் கண்டு பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் உண்மையான குறுக்கம் நைட்ரஜன் மூலக்கூறில் சுமார் 0.002 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. பேசிஸ் செட்டின் குறை அதே அளவுக்கு எளிதில் வரும். இதற்கென வந்த சிசி-பிசிவிடிஇசட் 1995-இலிருந்தும், உட்கூடு–இணைதிறன் பங்குக்கு முன்னுரிமை தரும் சிசி-பிடபிள்யூசிவிடிஇசட் 2002-இலிருந்தும் இருக்கின்றன. அசிட்டிலீனின் அணுவாக்க ஆற்றலில் (மூலக்கூறைத் தனி அணுக்களாகப் பிரிக்கும் ஆற்றல்) உட்கூட்டு ஒட்டுறவின் பங்கு ஒரு மோலுக்கு 2 கிலோகலோரிக்கு மேல் வருகிறது. 1 கிலோகலோரித் துல்லியம் என்று தலைப்பிலேயே அறிவிக்கும் கட்டுரைக்கு அது சிறிய தொகை அன்று.

மறுமொழி

என் அனுபவம் பெரிலியம் இரட்டை மூலக்கூறோடு. இணைதிறன் எலக்ட்ரான்கள் நான்கே. ஆகவே அவற்றுக்கு முழு சிஐ (பேசிஸ் செட்டுக்குள் ஒட்டுறவை முழுமையாகச் சேர்க்கும்) கணக்கே செய்யலாம். அப்படிச் செய்தும், 2009-இல் நிறமாலை அளவீட்டில் கிடைத்த 929.7 செமீ⁻¹ ஆழத்தை, அதாவது பிணைப்பு ஆற்றலை, எட்ட முடியவில்லை. எஞ்சியதில் பெரும்பகுதி, யாரும் பொருட்படுத்தாத அந்த 1எஸ் எலக்ட்ரான்களிடம்தான் இருந்தது.