35,000 ரூபாய்க்குள் வீட்டுக்கு எஸ்பிரெசோ மெஷின்: எது வாங்கலாம்?

பொள்ளாச்சி ரோடு

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் இருக்கிறோம், வீட்டில் நாலு பேர். நானும் மனைவியும் ஆபீஸ் பக்கத்துக் கடையில் கப்புசினோ குடித்துப் பழகி, இப்போது ஞாயிற்றுக்கிழமையும் அதுவே வேண்டும் என்று ஆகிவிட்டது. அப்பா அம்மாவுக்குப் பித்தளை பில்டரில் இறங்கின டிகாக்ஷன்தான், 80:20 சிக்கரி, டபரா கையைச் சுட வேண்டும். இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரே மெஷினாக வாங்கலாம் என்று பார்க்கிறேன். பட்ஜெட் 35,000, மிஞ்சிப் போனால் 40.

ஆன்லைனில் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒன்று 15 பார் (bar, அழுத்தத்தின் அளவாம்) என்கிறது, அதைவிட விலை குறைந்த இன்னொன்று 20 பார் என்கிறது. பார் அதிகமாகவும் விலை கம்மியாகவும் இருப்பதை வாங்கிவிட்டுப் போனால் என்ன? டெலோங்கி டெடிகா எனக்குப் பிடித்திருக்கிறது, ஒல்லியாக இருப்பதால் மிக்ஸி பக்கத்திலேயே நிற்கும். கடையில் அரைத்து வாங்கும் 80:20 தூளையே அதில் போடலாமா? அப்புறம், மச்சினன் அடுத்த மாதம் டல்லாஸில் இருந்து வருகிறான், அங்கே விலை குறைவு என்கிறான். வாங்கி வரச் சொல்லவா?

வறுத்த கொட்டை

முதலில் அந்த பார் கணக்கை முடித்துவிடுவோம். எஸ்பிரெசோவுக்கு வேண்டியது தூளின் மேல் 9 பார் சுமாருக்கு அழுத்தம், அவ்வளவுதான். 1940களின் கடைசியில் மிலானில் கஜ்ஜியாவின், கையால் நெம்புகோலை இழுக்கிற ஸ்பிரிங் லீவர் மெஷின்கள் வந்த பிறகுதான் அந்த அளவு அழுத்தமும் மேலே நிற்கும் பொன்னிற நுரையும் வந்தன. 1961இல் ஃபைமா கம்பெனியின் இ61 மெஷின் அதே வேலையைக் கை வலிக்காமல் மோட்டார் பம்பால் செய்தது. இன்றைக்கும் நல்ல கடைகள் அந்த 9ஐ ஒட்டித்தான் ஓட்டுகின்றன. வீட்டு மெஷினில் இருப்பது சின்ன வைப்ரேஷன் பம்ப். தண்ணீர் வெளியே போக வழியே இல்லாமல் அடைத்துப் பிடித்தால் அது அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்பதுதான் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 15, 20 எல்லாம். காபிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 20 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்பவரிடம் வேறு சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது பாஸ்கெட், அதாவது கைப்பிடிக்குள் தூள் போடுகிற ஓட்டைக் கிண்ணம். விலை குறைந்த மெஷின்களில், டெடிகாவோடு வருவதிலும்தான், இரட்டை அடி வைத்த பாஸ்கெட் இருக்கும். உள்ளே பார்த்தால் நிறைய ஓட்டை, திருப்பிப் பார்த்தால் ஊசி முனை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை. அழுத்தத்தை உண்டாக்குவது தூள் அல்ல, அந்த ஓட்டைதான். அதனால் எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வரும், பார்க்க அழகாகவும் இருக்கும், குடித்தால் கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும். ஒற்றை அடி பாஸ்கெட் தனியாகக் கிடைக்கிறது, டெடிகாவுக்கு 51 மி.மீ. அளவு. அதைப் போட்ட நிமிஷம் முதல் உங்கள் காபி நன்றாக இருப்பதும் நாசமாவதும் அரைப்பின் கையில்.

ஆகவே என் கருத்து: 35,000 முழுவதையும் மெஷினில் போடாதீர்கள். மெஷினுக்கு 20, 22. மீதியில் எஸ்பிரெசோ பதத்துக்கு அரைக்கக்கூடிய ஒரு கை காபி கிரைண்டர், எஃகு பர் (கொட்டையை அரைக்கிற பல் சக்கரம்) உள்ளது, அரைப்பின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப முடிகிற மாதிரி. 18 கிராம் தூள், 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடி. இதுதான் எல்லோரும் தொடங்குகிற கணக்கு. 15 வினாடியில் கொட்டிவிட்டால் புளிக்கும், இன்னும் நைசாக அரைக்க வேண்டும். 45 வினாடிக்குச் சொட்டுச் சொட்டாக வந்தால் கசக்கும், கொஞ்சம் கரகரப்பாக்க வேண்டும். கடையில் ஒரு வாரத்துக்கு அரைத்து வாங்கிய தூளில் இதைத் திருத்தவே வழியில்லை. மிக்ஸியில் அரைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், வேண்டாம். பாதி மாவு, பாதி குருணையாக வரும்.

டபரா செட்

மேலே நண்பர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கேள்வியின் மற்ற பாதியை விட்டுவிட்டார். பெரியவர்கள் காபியை மெஷினுக்கு மாற்றும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். சிக்கரி கலந்த தூளை எஸ்பிரெசோ பாஸ்கெட்டில் அழுத்திப் போட்டால் தண்ணீரைக் குடித்துக் களியாகி அடைத்துக்கொள்ளும். ஒன்று சொட்டவே சொட்டாது, இல்லையென்றால் ஓரமாகப் பிய்த்துக்கொண்டு பீய்ச்சும். பில்டரில் அதே குணம்தான் நல்லது செய்கிறது, தண்ணீர் மெதுவாக இறங்கி டிகாக்ஷன் கெட்டியாக வருகிறது. பாக்கெட்டில் சிக்கரி சதவீதம் அச்சிட்டிருக்கும், பாருங்கள், சட்டப்படி 49 வரை போகலாம். சில பெயர்பெற்ற தூள்களில் காபியைவிட சிக்கரி கொஞ்சம்தான் குறைவு என்று தெரியும்போது சிரிப்புதான் வரும்.

இன்னொன்று சூடு. கப்புசினோவுக்குப் பாலை 60, 65 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் போனால் நுரை கரடுமுரடாகி, பாலில் வெந்த வாடை வந்துவிடும். உங்கள் அப்பா அதை ஒரு வாய் குடித்துவிட்டு "ஏம்பா, பால் காயவே இல்லையா" என்பார். எங்கள் வீட்டில் மாமனார் அந்தக் கப்பை அப்படியே எடுத்துப் போய் அடுப்பில் வைத்துச் சுட வைத்தார், அத்தனை பாடுபட்டு எடுத்த நுரை பொங்கி வழிந்தது. அவருக்கு அவர் பில்டர், எங்களுக்கு எங்கள் சாமான், இப்போது சண்டை இல்லை.

உண்மையில் உங்களுக்கு மெஷினே வேண்டுமா? மோக்கா பாட் ஒன்று வாங்கிப் பாருங்கள். 1933இல் இத்தாலியில் பியலெட்டி கொண்டுவந்தது, இன்னும் அதே எட்டுக்கோண உருவம்தான். அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான் வரும், அதனால் எஸ்பிரெசோ இல்லை, ஆனால் பாலோடு சேர்த்தால் நல்ல திடமான காபி. கீழ்ப் பாத்திரத்தில் வெந்நீராகவே ஊற்றுங்கள், தூளை அழுத்தாமல் நிரவுங்கள், சின்னத் தீ. மேலே தேன் மாதிரி வருவது வெளுத்து, புஸ் புஸ் என்று சத்தம் போட ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். அலுமினியம் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது, கேஸ் அடுப்பில் சின்ன பாட் நிற்காமல் ஆடும், ஒரு சின்னக் கம்பித் தாங்கி வாங்கிக்கொள்ளுங்கள். கையால் அமுக்கும் நுரைப்பான் சில நூறு ரூபாய். மொத்தம் ஐந்தாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

வறுத்த கொட்டை

@டபரா செட் மோக்கா பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், தினமும் போடுகிறேன். ஆனால் கடை கப்புசினோ வேண்டும் என்று கேட்பவரிடம் மோக்கா பாட் வாங்கச் சொன்னால் மூன்றாம் மாதம் அவர் மெஷினும் வாங்குவார். ஆவி அடித்து எடுக்கிற மெல்லிய நுரை கையால் அமுக்கி வருவதில்லை.

ஸ்பேனர்

வீட்டுச் சாமான்கள் சர்வீஸ் செய்பவன், காபி மெஷினும் வரும். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் மெஷின் கோளாறு இல்லை, தண்ணீர்க் கோளாறு. கோவை என்கிறீர்கள், உங்கள் ஏரியாவுக்கு சிறுவாணி வருகிறதா? வந்தால் கொடுத்துவைத்தவர், பிடித்து வைத்து வடிகட்டி அதையே ஊற்றுங்கள். போர் உப்புத் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள், உள்ளே சூடாகிற குழாய் விரல் தடிமன்கூட இருக்காது, சுண்ணாம்பு படிந்து அடைத்துவிடும். ஆர்.ஓ. வீட்டில் பலர் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரை நீட்டி 30தான் இருக்கிறது பாருங்கள் என்று பெருமைப்படுவார்கள், அவ்வளவு வெறும் தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். 150ஐ ஒட்டி இருந்தால் நல்லது. சுத்தம் செய்ய லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் போதும், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், ஆனால் மெஷினோடு வந்த கையேட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வினிகர் ஊற்றாதீர்கள், வாடை போகாது.

டல்லாஸ் மெஷின் வேண்டவே வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 1300 வாட் இழுக்கிற சாமானுக்கு டிரான்ஸ்பார்மர் வைத்தால் மெஷினைவிட அது கனமாக இருக்கும். வைப்ரேஷன் பம்ப் கரண்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப அடிப்பது, இங்கே 50இல் அதன் ஓட்டமே மாறும். வாரண்டியும் இங்கே செல்லாது. மச்சினனிடம் அந்தக் கை கிரைண்டரை வாங்கி வரச் சொல்லுங்கள், அதற்குக் கரண்டே வேண்டாம்.

எந்த மெஷின் வாங்கினாலும் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கைப்பிடி மாட்டுகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வாஷர் தனியாகக் கிடைக்குமா? தினமும் சூட்டில் வெந்து அது இறுகிப் போகும், அப்புறம் ஓரமாகக் கசியும். சின்ன ரப்பர்தான். அது கிடைக்காமல் நல்ல மெஷின்கள் பரணில் கிடப்பதைப் பார்க்கிறேன்.

பொள்ளாச்சி ரோடு

எல்லாருக்கும் நன்றி, நிறைய தெளிந்தது. சிறுவாணி வருகிறது, ஆனால் தினமும் வராது. அப்பாவின் பில்டரில் கை வைக்கப் போவதில்லை, சொன்னதும் அம்மாதான் அதிகம் சந்தோஷப்பட்டார். இரண்டு சந்தேகம். கொட்டையைப் போட்டால் அரைத்து, இறக்கி எல்லாம் தானே செய்கிற ஆட்டோமேட்டிக் வாங்க இன்னும் பணம் சேர்க்கலாமா? கஜ்ஜியா கிளாசிக்கைப் பலர் புகழ்கிறார்களே, அது எப்படி?

குன்னூர் பனி

ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறேன். அவசரக்காரர்களுக்கு நல்லது, பட்டனைத் தட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போகலாம். ஆனால் உள்ளே இருக்கும் காபி இறக்கும் பாகத்தை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் குழாயில் கழுவ வேண்டும், தூள் தட்டைக் கொட்ட வேண்டும். நம் மழைக்காலத்தில் நாலு நாள் ஊருக்குப் போனால் பூஞ்சை பிடித்துவிடும். கறுக்க வறுத்து எண்ணெய் மினுங்கும் கொட்டையைப் போட்டால் கிரைண்டர் வாயில் ஒட்டிக்கொண்டு இறங்காது. ருசியும் நடுத்தரம்தான். கிரைண்டர் கெட்டால் முழு மெஷினும் சர்வீஸுக்குப் போகும், அதுவரை காபி இல்லை.

கிளாசிக் வேறு ரகம். 1991இல் இருந்து வருவது, கடை மெஷின் அளவு 58 மி.மீ. கைப்பிடி, கழற்றி மாட்ட எளிது. ஆனால் பாய்லர் ஒன்றுதான். காபி இறக்கிவிட்டு ஆவிக்குச் சூடேறக் காத்திருக்க வேண்டும், பால் முடிந்து இன்னொரு காபி என்றால் கொஞ்சம் தண்ணீரை ஓட்டிச் சூட்டை இறக்க வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் கிரைண்டரோடு அது அடங்காது. இரண்டு பேருக்கு டெடிகா, ஒற்றை அடி பாஸ்கெட், நல்ல கை கிரைண்டர், இது போதும். கொட்டையை மட்டும் வறுத்த தேதி பார்த்து வாங்குங்கள், வறுத்து ஒன்று இரண்டு வாரம் ஆனது, சிக்கரி கிக்கரி எதுவும் கலக்காதது. சிக்மகளூர் அராபிகா நடுத்தர வறுப்பில் ஆரம்பியுங்கள். பால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதக் கொழுப்பு, பிரிட்ஜில் இருந்து எடுத்த ஜில்லோடு ஆவி அடித்தால்தான் நுரைக்க நேரம் கிடைக்கும்.

பொள்ளாச்சி ரோடு

முடிவு செய்தாயிற்று, டெடிகாதான். கிரைண்டர் மச்சினன் தலையில். மிக்ஸி செருகுகிற பாயிண்டிலேயே இதையும் மாற்றி மாற்றிச் செருகலாம்தானே?

ஸ்பேனர்

அது 6 ஆம்பியர் பாயிண்டா பாருங்கள். 1300 வாட் என்றால் 230 வோல்ட்டில் 5.7 ஆம்பியருக்கு வந்துவிடும், பழைய வீட்டுச் செருகுவாய் என்றால் லூசாக இருந்து கருகும். மல்டிபிளக் போடவே கூடாது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு 2.5 சதுர மி.மீ. ஒயரில் ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் இழுத்துவிடுங்கள், எர்த் இருக்கிறதா என்று கூடவே பார்க்கச் சொல்லுங்கள். சிங்க் பக்கத்தில் வைக்கச் சொல்லாதீர்கள்.