மறு: ‘கருத்தடைத் தடுப்பூசி’ என்று எழுதலாமா?

அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம். நம் தெருநாய்க் கையேட்டில், நாய் சினைப்படாமல் தடுக்கும் தடுப்பூசிக்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> பேப்பரில் ‘தெருநாய்களுக்குக் கருத்தடை’ என்று எழுதி எல்லாருக்கும் பழகிவிட்டது. அதோடு ‘தடுப்பூசி’யைச் சேர்த்தால் முடிந்தது. புதுச்சொல் எதற்கு?

அண்ணாச்சி, இந்த இடத்தில்தான் எனக்கு மறுப்பு. ‘தடுப்பூசி’க்கு முன்னால் எதை வைக்கிறோமோ அதைத் தடுக்கிற ஊசி என்றுதான் தமிழில் பொருள். கோமாரித் தடுப்பூசி கோமாரியைத் தடுக்கும், வெறிநோய்த் தடுப்பூசி வெறிநோயைத் தடுக்கும். அப்படியானால் ‘கருத்தடைத் தடுப்பூசி’ கருத்தடையை அல்லவா தடுக்க வேண்டும்? பழகிப்போனால் யாரும் யோசிக்க மாட்டார்கள் என்று சொல்வீர்கள். ஆனால் முதல் தடவை கேட்கிறவருக்குக் குழப்பம் வரும், நம் கையேடு அவருக்காகத்தான். நம் திருநெல்வேலியில், மேலப்பாளையத்திலும் வண்ணார்பேட்டையிலும் தெருநாயைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர், “ஆபரேசன் எதுக்கு? ஒரு ஊசியைப் போட்டு விட்டுர முடியாதா?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நாய்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு போட்ட 2001 விதிகளும் அவற்றுக்குப் பதிலாக வந்த 2023 விதிகளும் சொல்வது ஒரே வழியைத்தான்: பிடி, அறுவை செய், வெறிநோய் ஊசி போடு, காதில் அடையாளம் வெட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடு. இதற்கு டாக்டர் வேண்டும், அறுவைக்கூடம் வேண்டும், புண் ஆறும்வரை நாயை வைத்திருக்கக் கூண்டு வேண்டும். ஊசியாக இருந்தால் போட்ட கையோடு விட்டுவிடலாம். அதனால்தான் உலகம் முழுக்க இதற்கு இவ்வளவு முயற்சி நடக்கிறது. நம் ஊர்த் தெருநாய்களுக்கு அப்படி ஓர் ஊசி இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே பெயரைச் சரியாக வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது காரணத்தைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ‘கருத்தடை’ மனிதருக்கும் உரிய சொல். அரசு ஆஸ்பத்திரியில் பெண்களுக்குப் போடும் அந்தரா ஊசியும் கருத்தடை ஊசிதான். அது ஹார்மோன் மருந்து, தடுப்பூசி இல்லை. இன்னொரு பக்கம், சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளை மலடாகிவிடும் என்று வடக்கே வதந்தி பரவியது. 2017ல் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது இங்கேயும் வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றியது, பெற்றோர் பயந்தார்கள். இந்த நிலைமையில் ‘கருத்தடை’யையும் ‘தடுப்பூசி’யையும் ஒரே சொல்லாக ஒட்டி நாமே ஊருக்குள் விடலாமா? கைக்குழந்தையோடு ஊசி போட வருகிற தாயின் காதில் அது எப்படி விழும்?

அதனால் நான் முன்வைப்பது ‘சினைத் தடுப்பூசி’. சினை என்றால் மாடு, ஆடு, நாய். மனுஷியை யாரும் சினை என்று சொல்வதில்லை. சினையைத் தடுக்கிற ஊசி என்று இலக்கணமும் நேராக நிற்கிறது.

> ‘சினை ஊசி’ என்றால் மாட்டுக்குச் செயற்கைக் கருவூட்டல் அல்லவா? நேர் எதிராகப் புரிந்துகொள்வார்களே.

இது வலுவான மறுப்பு, லேசாகத் தள்ள முடியாது. மானூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவரிடம் சினை ஊசி என்றால் கருவூட்டல்தான். ‘சினைத் தடுப்பூசி’யை ஜனங்கள் ‘சினை ஊசி’ என்று சுருக்கிவிடவும் கூடும். ஆனால் தெருநாய்க்கு யாரும் கருவூட்டல் செய்யப்போவதில்லை; நாயை வைத்துப் பேசும்போது பொருள் மாறாது. கையேட்டில் எல்லா இடத்திலும் ‘நாய்ச் சினைத் தடுப்பூசி’ என்று முழுசாகவே போடுவோம். ‘குட்டித் தடுப்பூசி’யையும் யோசித்துப் பார்த்தேன். அது குட்டிகளுக்குப் போடும் ஊசி என்றே படும்.

ஆண் நாய்க்குச் சினை ஏது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் போடுகிறார்கள். ஊசியின் நோக்கம்தான் பெயரில் நிற்கும், போட்டுக்கொள்கிற உடம்பு இல்லை.

‘மலட்டூசி’ மட்டும் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்தில் அந்தச் சொல்லால் எத்தனை பெண்கள் நொந்திருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பொருளும் பொருந்தாது: ஊசியால் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அளவு குறைந்தால் விலங்கு மறுபடி சினைப்படலாம். அறுவை போல இது நிரந்தரம் என்று சொல்ல முடியாது.

இனி அக்கா கேட்டிருந்தது: இந்த ஊசி வேலை செய்யும் தத்துவத்துக்கு (ஆங்கிலத்தில் இம்யூனோகான்ட்ராசெப்ஷன்) என்ன பெயர். ‘நோயெதிர்ப்புக் கருத்தடை’ என்று எழுதியிருந்தீர்கள். அக்கா, சினைப்படுவது நோய் இல்லையே? நோயெதிர்ப்புக்குப் பாடநூலில் உள்ள ‘தடைகாப்பு’ என்பதை எடுத்தால் ‘தடைகாப்புக் கருத்தடை’ என்று தடை இரண்டு தரம் வந்து இடிக்கிறது. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் கிடைத்துவிடும். மூளையிலிருந்து சுரக்கும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன்தான் சூலகத்தையும் விதையையும் வேலை செய்ய வைக்கிறது. அது பத்தே அமினோ அமிலம் கொண்ட சின்னத் துணுக்கு, உடம்பின் சொந்தப் பொருள் வேறு. தனியாகச் செலுத்தினால் உடம்பு சட்டை செய்யாது. பெரிய அந்நியப் புரதம் ஒன்றோடு அதைப் பிணைத்துச் செலுத்தினால், உடம்பு அந்த ஹார்மோனுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கும். ஹார்மோன் முடங்கும், பருவமே வராது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் உருவான ‘கோனகான்’ இந்த வகைதான். 2009ல் வெள்ளைவால் மானுக்கும் 2013ல் காட்டுக்குதிரைக்கும் அங்கே பதிவானது. அதையும் வெறிநோய் ஊசியையும் நாய்களுக்குச் சேர்த்துப் போட்ட ஆய்வு ஒன்று 2009ல் வந்தது. வெறிநோய்க்கான எதிர்ப்பொருள் அதனால் குறையவில்லை. நமக்கு அது முக்கியமான செய்தி.

இன்னொரு வகை, கருமுட்டையைச் சுற்றியிருக்கும் சோனா பெலுசிடா உறைக்கு எதிராக எதிர்ப்பொருளை உண்டாக்கி, விந்தணு ஒட்டாமல் செய்வது. இது பெட்டைக்கு மட்டும். இதில் பருவம் நிற்காது, ஆண் நாய்கள் கூட்டமாகப் பின்னால் அலைவதும் சண்டையும் குறையாது. கையேட்டில் இந்த வேறுபாட்டை விரித்து எழுத வேண்டும்.

இரண்டிலும் வேலை செய்வது எதிர்ப்பொருள்தான். ஆகவே ‘எதிர்ப்பொருள்வழிக் கருத்தடை’. இங்கே மட்டும் ‘கருத்தடை’ இருக்கட்டும், ஏனென்றால் தத்துவம் மனிதருக்கும் பொது. டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் தல்வார் குழுவினர் பெண்களிடம் நடத்திய, கர்ப்பத்தைத் தடுக்கும் தடுப்பூசி ஆய்வின் முடிவு 1994லேயே வெளியாகியிருக்கிறது. தெருவில் பேச ஒரு சொல், பாடத்தில் எழுத ஒரு சொல் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

ஊசி மருந்தோடு சேர்த்து உடம்பின் எதிர்வினையைக் கூட்டுகிற பொருளுக்கு ‘துணையூக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நாய்களுக்கு ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் புண்ணும் வருவதற்குப் பெரும்பாலும் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள், அதனால் கையேட்டில் அடிக்கடி வரும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிற தம்பிமார் யாராவது குழுவில் இருந்தால், வகுப்பில் என்ன சொல் சொல்லித்தருகிறார்கள் என்று எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடலாம்.