ஒரே ரத்தம், கிட்னி கணக்கு மட்டும் 93, 53?

வைகைக்கரை: அப்பாவுக்கு 68 வயது, எடை 48 கிலோ, சுகர் பிரஷர் எதுவும் இல்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 0.9. லேப் ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர் (கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்ற கணிப்பு) 93 என்று இருக்கிறது, நெட்டில் எடையையும் போட்டுப் பார்த்தால் 53 வருகிறது. எதை நம்புவது?

பழைய_லேப்காரன்: இரண்டும் வேறு வேறு சூத்திரம் சார். லேபில் வருவது சி.கே.டி-எபியாக இருக்கும், அதில் எடையே கிடையாது, வயது, ஆணா பெண்ணா, கிரியாட்டினின் அவ்வளவுதான், 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புள்ள ஆளுக்கு என்று சொல்லும் எண், உங்கள் அப்பா உடம்பு அதைவிடச் சின்னது. நீங்கள் போட்டது 1976-இல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட்: 140-இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுப்பார்கள், பெண் என்றால் கடைசியில் 0.85-ஆல் பெருக்குவார்கள். மருந்து அளவு முடிவு செய்ய இன்னும் இதைப் பார்க்கிறார்கள்.

நிலா_78: 40 வயதுக்கு மேல் கிட்னி வடிகட்டும் இந்த எண் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 குறைவது நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் நடப்பதுதான். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, ஒல்லியான பெரியவருக்குத் தசை கம்மி, கிட்னி மங்கினாலும் கிரியாட்டினின் குறைவாகவே தெரியலாம், அதனால் 0.9 என்பதை வைத்து மட்டும் நிம்மதியாகிவிட வேண்டாம். சிஸ்டாட்டின் சி (தசையை அவ்வளவாகச் சாராத இன்னொரு ரத்தப் பரிசோதனை), சிறுநீர் அல்புமின் (சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பது) இரண்டும் பார்த்துவிடுங்கள்.

வைகைக்கரை: சரி, குண்டாக இருந்தால்?

பழைய_லேப்காரன்: அப்போது தலைகீழ், மொத்த எடையைப் போட்டால் காக்கிராஃப்ட் கூட்டிக் காட்டும். அதோடு உடல் பருமனில் கிட்னி ஆரம்பத்தில் அதிகமாகவே வடிகட்டும், எண் அழகாக இருக்கும், பாரம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்.