பேசாமலேயே ஒருவர் எப்படி ஆளுகிறார்?

கேள்வி:
எங்கள் குழுவில் ஒருவர் அதிகம் பேசவே மாட்டார். ஆனால் நன்றாகச் சாய்ந்து, பக்கத்து நாற்காலி முதுகில் கையைப் போட்டு உட்கார்ந்தால் போதும், எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறோம். நான் பேசும்போது அவர் கண் மொபைலில் இருக்கும். எனக்குத் தோள் குறுகி, குரல் இறங்கி, கை பேனா மூடியைத் திருக ஆரம்பித்துவிடும். இதை மாற்ற முடியுமா?

பதில் 1:
முடியும். முதலில் கண்ணைக் கவனியுங்கள். அதிகாரம் உள்ளவர் தான் பேசும்போது எதிரே இருப்பவரை நேராகப் பார்ப்பார், கேட்கும்போது பார்வையை விலக்கிக்கொள்வார். கீழ்நிலையில் இருப்பவர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. 1980-களிலேயே உளவியலாளர்கள் அளந்து பார்த்த விஷயம் இது. பேனாவைக் கீழே வையுங்கள், வாக்கியம் முடியும்வரை யாராவது ஒருவரைப் பார்த்தே பேசுங்கள்.

பதில் 2:
இரண்டு நிமிடம் இடுப்பில் கைவைத்து நின்றால் ஹார்மோனே மாறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பேச்சுக்கு அடிப்படையான, 2010-இல் வந்த ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 42 பேர். 2015-இல் சுமார் 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோனில் மாற்றம் இல்லை, தெம்பாக உணர்ந்ததாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016-இல் அந்த விளைவு உண்மை என்று இனி நம்பவில்லை என எழுதிவிட்டார்.

பதில் 3:
சரி, ஆனால் அவரும் முதுகு வலியால் சாய்ந்திருக்கலாமே? ஒரே அசைவை வைத்து ஆளை எடை போடாதீர்கள். அப்புறம், அடுத்த முறை அவருக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.